ஃபார்வர்டு பட்டனில் மாமியாரின் விரல்

ப்ளே ஓடும்போதே ஃபார்வர்டு பட்டனையும் லேசாக அழுத்தினால், டேப்பில் பேசுகிறவர் குரல் அணில் கத்துவது மாதிரி கீச்கீச்சென்று ஓடும்... எண்பதுகளில் கேசட் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது.

எனக்கு அதைக் கேட்டால் ஆம்பூரில் பக்கத்து வீட்டு ஷமீம் ஞாபகம்தான்.

அவள் வீட்டுக்காரர் சவுதியில் வேலை. கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார். கேசட் வந்த அன்றே கூடத்தில் பெரிய டேப்பை வைத்து மாமியார் போடுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கேட்போம். "ஷமீம்..." என்று மகன் குரல் குழைந்ததும் மாமியார் விரல் ஃபார்வர்டுக்குப் போய்விடும். புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்வதை நாலு பேர் நடுவில் கேட்கலாமா?

கீச்கீச்... நாங்கள் சிரிப்போம். ஷமீமும் முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு முறை அவள் சிரிக்கவில்லை. நிறைமாதம். பிரசவத்துக்கு வருவீர்களா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். பதில் கீச்சொலிக்குள் போய்விட்டது.

மறுநாள் மாமியார் கேசட்டை ஷமீம் கையில் கொடுத்தார். கூடத்தில் மாமனார் படுத்திருந்ததால் பெரிய டேப்பைத் தொட முடியாது. போன தடவை புருஷன் வாங்கிவந்த வாக்மேனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். நான் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ஷூவின் மேல்தோலான அப்பர் தைக்க உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, இதுல பின்னாடி போற பட்டனே காணோம்!"

நானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ப்ளே, ஸ்டாப், ஃபார்வர்டு. அவ்வளவுதான். பின்னால் போக, கேசட்டைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்தில் ஃபார்வர்டு ஓட்ட வேண்டும்.

அப்படியே ஓட்டி, மறுபடி திருப்பி, முதலிலிருந்து போட்டோம். மனுஷன் ஊரில் ஒருத்தர் விடாமல் சலாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பேட்டரி வேறு இழுத்தது.

"தள்ளுடி" என்றேன்.

தள்ளினாள். இதில் கீச்சொலிகூடக் கேட்காது, ஊமையாய் ஓடியது. நிறுத்தினால் தம்பி படிப்பைப் பற்றிப் பேச்சு. தாண்டிவிட்டது! திருப்பு, ஓட்டு, திருப்பு... மறுபடி சலாம்.

"இன்னாக்கா இது பேஜாரு..." குரல் உடைந்துவிட்டது அவளுக்கு.

அந்த நேரம் வாசலில் மாமியார்.

"இன்னாத்துக்குத் திருப்புனீங்க? உன் பேரு வர்ற எடத்துக்குப் பின்னாடி ஓட்டி நிறுத்தித்தானே குடுத்தேன். ப்ளே அமுக்குனா போதுமே!"

ஒவ்வொரு கேசட்டையும் அப்படித்தான் நிறுத்திக் கொடுப்பாராம். இவள் பெரிய டேப்பில் எப்போதும் ரீவைண்ட் போட்டு முதலிலிருந்தே கேட்டதால் தெரியவே இல்லை.

"அப்ப நீங்க கேக்கலையா அம்மீ?"

"உங்கிட்டப் பேசறத நான் எதுக்குக் கேக்கறேன்?"

சொல்லிவிட்டுப் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாக,

"வர்றேன்னு சொன்னானா?"

இந்தத் தடவை தள்ளாமல் ஓடவிட்டோம். ஷமீம் ஹெட்போனைக் காதோடு அமுக்கிக் கேட்டாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முருகா, நல்ல பதிலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"லீவு குடுக்கலையாம் அம்மீ... ரம்ஜானுக்குத்தான் வர்றாராம்."

மாமியார் தலையை ஆட்டினார். ஷமீம் ஹெட்போனைக் கழற்றி ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தாள்.

"சீ, எனக்கு எதுக்கு?"

"குரலையாச்சும் கேளுங்க."

ஆளுக்கு ஒரு காதாக, தலையோடு தலை சாய்த்து உட்கார்ந்தார்கள். நான் ஊசியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வெளிநாட்டிலிருந்து என் மகள் போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். விரலால் தொட்டால் வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன்... அவரவர் போன், அவரவர் காது. நமக்காக யாரும் தள்ளவும் வேண்டாம், இடம் பார்த்து நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

நானும் முதலில் தனியாகத்தான் கேட்கிறேன். "அப்பாகிட்ட சொல்லும்மா" என்று அவள் ஆரம்பிக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறேன்.