எடை மேடையில் உறைந்த எண்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. நாலு பேர் கூடி நின்றால் எனக்கு வாய் திறக்காது. பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்; இந்தத் தொழில் எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாயிரத்தெட்டோ ஒன்பதோ இருக்கும். மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு சவுக்கு மண்டி. டிராக்டர் கட்டையோடு ஒரு முறை எடை மேடை ஏறும், இறக்கிவிட்டுக் காலியாக இன்னொரு முறை ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முதலாளி வாங்கிய கட்டையின் எடை. சீட்டு அடித்துத் தருவது பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி.

அவள் பயன்படுத்திய எடை புரோகிராம் மிகப் பழையது. விண்டோஸ் 98 தவிர எதிலும் ஓடாது. பழைய கம்ப்யூட்டர் செத்துப் போனபோது என் நண்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். கடலோரக் குப்பத்துக்காரன், ஐ.டி. கம்பெனியில் வேலை. இருவருமாகப் புதுப் பெட்டி ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் ஒன்றை உண்டாக்கி ஓடவிட்டோம். எடை மேடையின் ஒயர் வந்து சேரும் கார்டை மட்டும் வெளியே இருக்கும் லினக்ஸ் தொடாது. அதை நேராக உள்ளே இருப்பதன் கையில் ஒப்படைத்திருந்தோம். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது.

ஆயுத பூஜை முடிந்து சில நாட்களில் முதலாளி போன் செய்தார். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் நாற்காலியில் இல்லை. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். வெளியே டிராக்டர்க்காரர்கள் கூடியிருந்தார்கள்.

"காலி வண்டிக்கு எடை கம்மியா காட்டிக்கீது தம்பி. வண்டி கம்மின்னா கட்டை ஜாஸ்தி. யாரு வண்டின்னு கேளு. இவ அக்கா வூட்டுக்காரன் வண்டி!" என்றார் முதலாளி.

"எண்ணு அப்டியே நின்னுபூடுது அண்ணா. ஆஃப் பண்ணிப் போட்டா சரியா பூடுது. எத்தினி வாட்டி சொல்லிட்டேன்" என்றாள் அவள் என்னைப் பார்த்து.

"நான் பாக்க சொல்லோ மட்டும் நிக்க மாட்டேங்குதே! தம்பி, நீ செக் பண்ணு. மெஷின்ல தப்பு இல்லன்னா இவ இன்னியோட நின்னுக்கட்டும். திருட்டுக் கைய வச்சிக்கினு நான் மண்டி நடத்த முடியாது."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். அவள் அழவில்லை. சுவரைவிட்டு நகரவும் இல்லை.

காலை முழுக்கச் சோதித்தேன். காலி டிராக்டர் ஏறியது, எண் ஏறியது. இறங்கியது, எண் இறங்கியது. டிராக்டர் இல்லாத நேரத்தில் டிரைவர்கள் நாலைந்து பேர் மேடையில் ஏறி நின்றார்கள். "நம்ம ஆளு ஏறினா லோடு வண்டின்னு சீட்டு அடிச்சிடும்பா" என்று ஒரு தொந்திக்காரரைக் கிண்டல் செய்தார்கள். அதற்கும் எண் சரியாகவே வந்தது. கார்டைக் கழற்றி மாட்டினேன். ஒயர்களை ஆட்டிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.

"அப்போ மெஷின் நல்லாத்தான் கீது?" என்றார் முதலாளி.

வழக்கமாக இப்படிக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவன் நான். அன்று தலை ஆடவில்லை.

"இல்ல முதலாளி. இன்னும் பாக்கல."

"காலைலேர்ந்து இன்னாதான் பாத்த?"

"நான் உக்காந்து பாத்தேன். அவங்க உக்காந்து பாக்கல."

அவர் முனகிக்கொண்டே கையைக் காட்டினார். அவள் வந்து உட்கார்ந்தாள். தினமும் செய்வதுபோலவே செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றேன். முதல் வண்டி சரியாக வந்தது. இரண்டாவதும். பிறகு வண்டி ஏதும் வராமல் திரை தானாக இருண்டுபோனது. முதலாளி சாப்பிடப் போனார். நான் அசையவில்லை. கடையில் எனக்காக ஆள் காத்திருப்பார்கள் என்பது தெரியும். இருக்கட்டும் என்று நின்றேன்.

ஒரு காலி டிராக்டர் மேடைக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் கை மவுஸுக்குப் போனது. திரையை எழுப்ப அதை இப்படியும் அப்படியும் நாலு ஆட்டு ஆட்டினாள். திரை வெளிச்சமானது. முன்சக்கரம் ஏறியது, எண் ஏறியது. பின்சக்கரம் ஏறியது. எண் நின்றுவிட்டது.

"பாருங்க அண்ணா! நின்னுபூச்சு!"

"கைய எதுலயும் வெக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

நான் திரையை எழுப்பியபோதெல்லாம் எண்டர் பொத்தானைத்தான் தட்டியிருந்தேன். மவுஸைத் தொடவே இல்லை. நண்பனுக்குப் போன் போட்டு, மவுஸை ஆட்டியதும் எண் நின்றதைச் சொன்னேன்.

"மவுஸ் எந்த ஓட்டைல சொருவிக்கீது மச்சான்?"

"பின்னாடி."

"நாம முன்னாடிதான சொருவினோம்? இன்டரப்ட் நம்பரப் பாரு."

பார்த்தேன். கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒவ்வொன்றுக்கும் தரும் எண் அது; எடை கார்டுக்கும் பின்பக்க ஓட்டைக்கும் ஒரே இன்டரப்ட் எண். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு போர்ஷன் உள்ள வீட்டுக்கு வாசலில் ஒரே அழைப்பு மணி இருப்பது போன்றது அது. எடை மாறியதும் கார்டு மணி அடிக்கும், உள் போர்ஷன்காரன் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதே மணியை மவுஸும் விடாமல் அடித்தால், எது யாருக்கு அடித்தது என்று வீட்டுக்காரனான லினக்ஸுக்குக் குழம்பிவிடுகிறது. திறந்து பார்த்தால் தன்னைத் தேடி யாரும் இல்லை. மணியோ நிற்பதில்லை. கடைசியில் எரிச்சலில் ஒயரையே பிடுங்கிவிடுகிறான். அதற்குப் பிறகு கார்டு எவ்வளவு அடித்தாலும் உள்ளே கேட்காது. கடைசியாக வந்த எண்ணே திரையில் நிற்கும். பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடி ஒயரைச் சேர்த்துக்கொள்வான்.

"மவுஸ ஏம்மா பின்னாடி மாத்தினீங்க?"

"முன்னாடி ஓட்டைல சந்தனம் பூந்துகிச்சு அண்ணா. பூஜைக்குப் பொட்டு வெச்சமில்ல, அது காஞ்சி அடைச்சிக்கிச்சு."

குனிந்து பார்த்தேன். பெட்டியின் முகத்தில் வரிசையாகச் சந்தனப் பொட்டுகள், மேலே குங்குமம். ஒரு பொட்டு சரியாக மவுஸ் ஓட்டையின் மேல். அவள் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். மின்சாரத்தை நிறுத்தினேன். காய்ந்த சந்தனத்தை அவளே பொறுமையாகச் சுரண்டி எடுத்தாள்.

முதலாளி திரும்பி வந்தபோது மவுஸ் பின்பக்கமே இருந்தது. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தேன். டிராக்டர் ஏறும்போது அவரையே ஆட்டச் சொன்னேன். எண் பாதியில் நின்றது. அணைத்துப் போட்டு, மவுஸை முன்பக்கம் மாற்றி, மறுபடி ஆட்டச் சொன்னேன். மாவரைப்பதுபோல் சுற்றிச் சுற்றி ஆட்டினார். எண் முழுதாக ஏறியது. மூன்று வண்டிகளுக்கு அப்படியே ஆட்டிப் பார்த்தார்.

"மெஷின்தான் முதலாளி. இவங்க இல்ல" என்றேன். வெளியே நின்றவர்கள் பக்கம் திரும்பி இன்னொரு முறையும் சொன்னேன். காது சூடாகிவிட்டது.

"சரி சரி. போய் சீட்டு போடும்மா" என்றார் முதலாளி.

அவள் உட்காரவில்லை.

"எல்லார் எதிர்லயும் திருட்டுக் கைன்னு சொன்னீங்க. எல்லார் எதிர்லயும் இல்லன்னு சொல்லுங்க. அப்பால போடறேன்."

மேடையில் ஒரு டிராக்டர் ஏறி நின்றது. பின்னால் இன்னொன்று ஹாரன் அடித்தது. கூடி நின்றவர்கள் யாரும் நகரவில்லை. தொந்திக்காரர் மட்டும், "சொல்லிடு முதலாளி, டைம் ஆவுது" என்றார்.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மெஷின் கோளாறுப்பா. பொண்ணு மேல தப்பு இல்ல" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

அவள் ஊக்கை வளையலில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மேசைக்கடியில் குனிந்து பின்பக்க ஓட்டையின் மேல் டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் பிரிண்டர் சீட்டு அடிக்கத் தொடங்கியது.