துருவை மூடிய விரல்

துருவை மூடினேன். தெரிந்தே மூடினேன். அதனால் ஒரு பெண்மணியின் கை முறிந்தது. குற்றம் தன்னுடையது என்றே அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

நான் ஏறாவூரில் பழைய கார்களைப் புதுப்பிப்பவன். இதற்கு ஈடான தொழில் உலகில் உண்டா, சொல்லுங்கள்! ஓய்ந்துபோன ஒரு மொரிஸ் மைனரைத் தகடு தகடாகப் பிரித்து, மறுபடி ஓடவிடுவது... அந்தப் பரவசத்தை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்!

நான் துருவை மூடிய மொரிஸ் மைனர் மங்களம் ரீச்சருடையது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. தனியாள். வவுணதீவு வட்டையில், அந்த வயல்வெளியில் இருக்கும் தன் வயலைப் பார்க்க அவரே ஓட்டிப் போவார்.

தகடும் தகடும் சேரும் மூட்டுகளைச் சீலர் பசை பூசி அடைக்காவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கிவிடும். பூசுமுன் துருவை முற்றாக அகற்றி, பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துக் காயவிட வேண்டும். எனக்குத் தெரியாதா இது? எல்லா மூட்டுகளையும் அப்படித்தான் செய்தேன். ஒன்றைத் தவிர!

ஓட்டுபவரின் காலடியில், தரைத் தகடு பக்கத் தகட்டோடு சேருமிடம். அங்கே இரும்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங்கில் ஒட்ட மூன்று நாளாவது ஆகும். ஆனால் அன்று காலையில்தான் பெயின்ட் வந்து சேர்ந்திருந்தது. இளம்பச்சை... வாவியின் ஆழமில்லாத நீரில் வெயில் விழும்போது தெரியுமே, அந்தப் பச்சை!

டின்னைத் திறந்தேன். பொறுக்க முடியவில்லை. அந்த நிறத்தை அந்த வளைவுகளின் மேல் உடனே பார்த்தாக வேண்டும்! சோம்பலா? இல்லை. வஞ்சகமா? அதுவும் இல்லை. ஆசை... வெறும் ஆசை!

துருவின் மேலேயே சீலரைப் பிதுக்கி விரலால் நீவினேன். எவ்வளவு வழவழப்பாக இழைந்தது!

காரை ஒப்படைத்த நாளில் ரீச்சர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தம்பி, இது என்ட காரா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். "தண்ணிக்குள்ளால விடாதீங்க ரீச்சர்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

இரண்டு மாரிக்காலம் கழிந்தது. மூன்றாவது மாரியில், வயலிலிருந்து திரும்பும் வழியில் அவர் பிரேக்கை மிதிக்க, குதிகாலின் கீழ் தரை விட்டுப்போயிற்று. கால் சறுக்கியது. கார் வாய்க்காலுக்குள் இறங்கியது. அவரது வலது மணிக்கட்டு முறிந்தது.

காரை என் கராஜுக்குத்தான் இழுத்துவந்தார்கள். கால்விரிப்பைத் தூக்கினேன். நான் நீவிய சீலர் தோல்போல் தொங்கியது. அதன் பின்னால் இரும்பே இல்லை!

உண்மையைச் சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். நம்புவீர்களா?

வாயைத் திறக்குமுன் அவரே தொடங்கினார். "என்ட பிழைதான் தம்பி. தண்ணிக்குள்ளால விடாதீங்க எண்டு நீங்க சொன்னீங்கதானே. நான் கேக்கல்ல."

"ரீச்சர்... அது வந்து..."

"ஒண்டும் சொல்லாதீங்க. எனக்கு இனி ஓட்டப் பயமா இருக்கு. காரை நீங்களே வைச்சிருங்க. அதின்ட அருமை உங்களுக்குத்தான் தெரியும்."

இப்போது சொல்வதுதான் என் உண்மையான குற்றம். அந்தக் கணத்தில், கட்டுப் போட்ட அந்தக் கையின் முன்னால், என் நெஞ்சு துள்ளியது! அந்தக் கார் எனக்கா? எனக்கே எனக்கா? ஓம் என்று தலையாட்டினேன்.

பிறகு அந்த மூட்டை வெட்டினேன், புதுத் தகடு ஒட்டினேன், பிரைமர் அடித்தேன், சீலர் பூசினேன். இம்முறை ஒரு மயிரிழை கூடத் தவறவில்லை.

போன கிழமை மழைக்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன்.

"ஒழுகல்லையா தம்பி?"

"இல்ல ரீச்சர்."

"உங்கட வேலையில குறை வராது. நான்தான் அதைக் கெடுத்தன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! "ஏறுங்க ரீச்சர், வட்டைக்குப் போய் வருவம்" என்று மட்டும் அழைத்தேன்.

"வேணாம் தம்பி. நான் பஸ்ஸில போறன்." கோணலாகப் பொருந்திவிட்ட மணிக்கட்டை மறுகையால் பிடித்தபடி அவர் தெருமுனையை நோக்கி நடந்தார்.

நான் காரை எடுத்தேன். என்ன இதமான ஓட்டம்! அப்போதும்... வெட்கமே இல்லாமல்... என் நெஞ்சு துள்ளியது.