கரும்புக் கொல்லையிலிருந்து வெளியே வந்தவன்

இதைப் படித்துவிட்டு 'கதை நல்லா இருக்கு சார்' என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்குக் கோபம் வரும். என் முதுகில் வலது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் தீக்காயத் தழும்பு இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் என் மொபைல் சர்வீஸ் கடைக்கு வாருங்கள். சட்டையைக் கழற்றிக் காட்டுகிறேன்.

எனக்கும் மச்சான் பாலகுமாருக்கும் ரிமோட் விமானப் பைத்தியம். அவன் என் மனைவி காயத்ரியின் அண்ணன். அதற்கு முன்பே என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். தெர்மாகோலை வெட்டி, ஒட்டி, மோட்டார் வைத்து விமானத்தை நாங்களே செய்வோம். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இறக்கை மட்டுமே ஐந்தடி. ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லிக்குப்பம் தாண்டி, அறுப்பு முடிந்த ஒரு வயலில் பறக்கவிடுவோம்.

போன மாசியில் ஒரு ஞாயிறு. சாயந்தரம் 5.20 மணி. நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானம் ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குள் தலைகுப்புற விழுந்தது. நாலு மாத உழைப்பு.

கொல்லை ஓரத்தில் கரும்பு வெட்டும் ஆட்களோடு மேஸ்திரி தட்சிணாமூர்த்தி நின்றிருந்தார். வெட்டுவதற்கு வசதியாக, காய்ந்த தோகையை முந்தின நாளே கொளுத்திவிடுவார்கள்.

"ஆறு மணிக்குக் கொளுத்தறோம் தம்பி. சட்டுனு எடுத்துக்குங்க. ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம்னு நீங்க சொன்னாதான் நெருப்பு வெப்பேன்" என்றார்.

கரும்புக்குள் விழுந்ததைத் தனி ஆளாகத் தேட முடியாது. உள்ளே போய்விட்டால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஒருவன் விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வரப்பில் நிற்க வேண்டும். மற்றவன் உள்ளே போக வேண்டும். கரும்பு நுனி ஆடுவதை வைத்து, உள்ளே இருப்பவன் எங்கே போகிறான் என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியும். "எடது", "வலது", "நேரா" என்று கத்துவான். உள்ளே இருப்பவன் ஒவ்வொன்றுக்கும் "ஓய்" என்று குரல் கொடுக்க வேண்டும். இப்படி எத்தனையோ தடவை எடுத்திருக்கிறோம்.

நான் உள்ளே போனேன்.

"நேரா!"

"ஓய்!"

தோகை கையைக் கிழித்தது. உள்ளே வெளிச்சம் பாதிதான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்து வரிசையில் தோகை மிதிபடும் சத்தம். சரக்... சரக்... நான் நடந்தால் அதுவும் நடந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. பன்றியாக இருக்கும் என்று நினைத்தேன்.

வெளியிலிருந்து மச்சான் குரல் கேட்டது. "மாப்ள, என்னா ரெண்டு எடத்துல ஆடுது?"

"பன்னிடா!" என்றேன்.

"சரி, வலது!"

நான் வாயைத் திறப்பதற்குள்...

"ஓய்!"

என் குரல்.

நான் சொல்லவில்லை. பக்கத்து வரிசையிலிருந்து வந்தது.

எதிரொலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கரும்புக்குள் ஏது எதிரொலி? ஆனாலும் விமானத்தை விட மனமில்லை. இன்னும் பத்தடி போனேன்.

இடம் கிடைத்தது. ஒடிந்த கரும்பு இருந்தது. விமானத்தின் முன்விசிறியில் உடைந்த துண்டு ஒன்று கிடந்தது.

விமானம் இல்லை.

போனைப் பார்த்தேன். 5.52.

அப்போது வெளியே மச்சான் சிரிக்கும் சத்தம் கேட்டது. "கெடச்சுடுச்சா மாப்ள? பரவால்ல, எறக்கை நல்லாத்தான் இருக்கு."

"கெடச்சுடுச்சி மச்சான்."

அதுவும் என் குரல்தான். இந்தத் தடவை வெளியே, வரப்பிலிருந்து கேட்டது.

"ரெண்டு பேரும் வந்துட்டோம். நெருப்பு வெச்சுக்குங்க மேஸ்திரி."

நான் கத்தினேன். 'மச்சான்' என்றுதான் கத்தினேன். வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல்தான் வந்தது. மறுபடி கத்தினேன். மறுபடியும் உறுமல்.

"உள்ள என்னாமோ கத்துதே?" என்றான் மச்சான்.

"பன்னி மச்சான். வா, போலாம்."

பைக் ஸ்டார்ட் ஆனது.

பட்... பட்... படபடபட... தோகை வெடிக்கத் தொடங்கியது.

புகை.

எந்தப் பக்கம் ஓடினாலும் கரும்பு. முதுகில் சூடு. தலைமுடி பொசுங்கும் வாடை.

காயத்ரியை நினைத்தேன்.

ஓடினேன்...

கால் இடறியது...

தண்ணீர்.

முழங்கால் ஆழம்கூட இல்லாத வாய்க்கால். குப்புறப் படுத்து முகத்தைச் சேற்றில் புதைத்தேன். நெருப்பு என் மேல் தாண்டிப் போனது.

எல்லாம் அடங்கிய பிறகு சாம்பலுக்கு நடுவே தவழ்ந்து வெளியே வந்தேன். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி... நீங்க இங்க இருந்தா... அப்ப வண்டியில போனது யாரு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதே உறுமல்தான் வந்தது.

கடலூர் ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரிதான் தூக்கிக்கொண்டு போனார். என் பர்ஸில் இருந்த கடை கார்டில் காயத்ரியின் நம்பர் இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குப் போன் செய்தார். அன்று ராத்திரிதான் எனக்குக் குரல் திரும்பி வந்தது. அடுத்த நாள் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள்.

மச்சான் உடனே என்னைப் பார்க்க வரவில்லை. ஜுரத்தில் கிடக்கிறான் என்றார்கள். ஒரு வாரம் கழித்து வந்தான். கட்டில் பக்கத்தில் நிற்கவே பயந்தான்.

"விமானத்த மடியில வெச்சிக்கிட்டு பின்னாடி ஒக்காந்துச்சி மாப்ள. வழியெல்லாம் பேச்சே இல்ல. ஒரே ஒரு தடவதான் வாயத் தொறந்துச்சி."

"என்னான்னு?"

"'எனக்குப் பதிலா ஒருத்தன் உள்ள இருக்கான்'னு. நீ வெளையாடறன்னு நெனச்சேன். ஒன் வீட்டு வாசல்லதான் எறக்கிவுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். அதற்குப் பிறகு அவன் விமானத்தைத் தொடவில்லை. நானும்தான்.

காயத்ரி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மத்தியானம், எனக்குச் சோறு போட வந்தவள் தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"அன்னிக்கு மேஸ்திரி போன் பண்ணப்ப நீங்க இங்க ஒக்காந்து சாப்ட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒங்க வீட்டுக்காரரு தீயில மாட்டிக்கிட்டாருன்னு சொன்னாரு. நான் சிரிச்சிட்டேன். அவுரு இங்கதான சாப்புடறாருன்னேன்."

"மொகத்தப் பாத்தியா?"

"பாத்தேன். நீங்கதான்."

அது தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டதாம்.

"செத்துட்டானா?"

இவள் போனில் விசாரித்துவிட்டு, உசுரு இருக்குதாம் என்று சொல்லியிருக்கிறாள்.

அது சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தது.

"அப்ப நான் இங்க இருக்க முடியாது" என்றது.

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டது. தெருமுனை வரைக்கும் அது அழுதுகொண்டே போனது இவளுக்குக் கேட்டிருக்கிறது.

என் குரலில்.