அம்மாவின் பித்தளைத் தட்டு

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தால், நீரின் மேல் மெல்லிய வளையங்கள் எப்போதும் விரிந்துகொண்டே இருக்கும். தங்கக் கல்லை இடிக்கும் மில் பக்கத்திலேயே இருந்ததால், அதன் இரும்பு உலக்கைகள் விழ விழத் தரையும் பானையும் சேர்ந்தே அதிர்ந்தன. மின்சாரம் வராத காலம் அது. மூங்கில் தட்டிச் சுவர்களோடு வரிசையாக நின்ற அந்த வீடுகளை 'லைன்' என்போம். எங்களுடையது ஏழாவது, கிழக்குப் பார்த்தது. எனக்கு அப்போது வயது எட்டு. ஒன்பது என்று அம்மா சொல்வதுண்டு.

சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலையால் அப்பாவுக்குக் காது ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. இரவு ஷிப்டு முடிந்து வந்து, எதிரே கிடந்த பாறையில் வீட்டுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்துவிட்டால், சாப்பிட அழைக்க அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். வாசலில் நின்று பித்தளைத் தட்டைக் காலை வெயிலுக்குச் சாய்த்துப் பிடிப்பாள். வட்டமான வெளிச்சம் அவர் காலடியில் போய் விழும். அவர் எழுந்து வருவார். அந்த வெளிச்சத்துக்கு எங்கள் வீட்டில் 'தட்டு வெயில்' என்று பெயர்.

ஒரு நாள் அப்பா தலைத்துண்டில் சுற்றி ஒரு வெள்ளை நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். சுரங்கத்துக்குள் இறங்கும் 'ஷாப்ட்' குழி அருகே பாறைக்கு வெடி வைத்த பிறகு, கல் குவியலுக்கடியில் நடுங்கிக்கொண்டு கிடந்ததாம். அம்மா அதன் காதருகே கை தட்டினாள்; அது திரும்பவில்லை. வெடியில் போன காதா, பிறவியிலேயே இல்லாததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

"இன்னாங்க இது? உங்க ஒருத்தருக்குக் கத்தியே என் தொண்டை வத்திப் போச்சி. இப்ப இன்னொரு செவிடா?" என்றாள் அம்மா. அப்பாவுக்கு அது கேட்கவில்லை. வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார். குட்டி தங்கிவிட்டது.

ராஜா என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரை அது ஒருநாளும் கேட்டதில்லை. தரையில் காலால் தட்டிக் கூப்பிடலாம் என்று பல நாள் முயன்றேன். ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்த தரையில் என் கால் எம்மாத்திரம்! அது அப்பாவை விட்டுப் பிரியாமல், அவர் உட்காரும் பாறையடியிலேயே படுத்து வளர்ந்தது.

அடுத்த வருஷம் பக்கத்து லைனில் ஒருவரை வெறிநாய் கடித்தது. தெரு நாய்களைப் பிடித்துக் கொல்ல உத்தரவாயிற்று. வளர்ப்பு நாய் என்றால், கூப்பிட்டதும் வரவேண்டும். வந்தால் கழுத்துக்கு ஒரு தகர வில்லை கிடைக்கும். வராத நாய்க்கு, நாய் பிடிக்கும் வண்டிதான். நாய்களைச் சோதிக்கும் ஜமேதார் வண்டியோடு எங்கள் லைனுக்கு வந்த காலையில், ராஜா இருபது அடி தள்ளி, சாம்பல் மேட்டில் எதையோ மோந்துகொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது.

"கூப்டுய்யா. கிட்ட போவக் கூடாது" என்றார் ஜமேதார்.

நான் ஜாடையில் சொன்னதும் அப்பா, "டேய் ராஜா!" என்று சுரங்கத்துக் குரலில் கத்தினார். லைன் முழுவதும் திரும்பிப் பார்த்தது, ராஜாவைத் தவிர.

"இன்னாய்யா, உன் நாய்க்கே உன்னைத் தெரியலியே?" என்று சிரித்த ஜமேதார், வண்டிக்காரனுக்குக் கை காட்டினார். சுருக்குக் கயிற்றோடு அவன் இறங்கினான்.

அப்போது அம்மா களி கிண்டிய கையோடு வாசலுக்கு வந்தாள். கையில் தட்டு. வெளிச்சம் அப்பாவின் தோளைத் தடவி, தரையில் ஓடி, ராஜாவின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது. ராஜா சட்டென்று திரும்பி, கயிற்றுக்காரனைத் தாண்டி, அம்மாவின் காலடிக்கு ஓடிவந்தது. யாரும் அதைப் பழக்கவில்லை. அப்பாவோடு கிடந்து அதுவாகவே கற்றுக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே, பழக்க தோஷத்தில், அப்பாவும் வந்துவிட்டார்.

"நீ கூப்பிடவே இல்லியேம்மா?" என்றார் ஜமேதார்.

"வந்துடிச்சி இல்ல?"

அவர் நாயைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ரெண்டும் உன்னுதுதானா?"

"ரெண்டும்தான். வில்லை மட்டும் ஒண்ணுக்குக் கட்டுங்க."

சாப்பிட உட்கார்ந்த அப்பா, லைனே எதற்குச் சிரிக்கிறது என்று என்னைக் கேட்டார்.

ராஜா அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தது. தட்டிச் சுவர் லைன்கள் போய்ச் செங்கல் வீடுகள் வந்துவிட்டன. அந்தப் பாறையை உடைத்துச் சாலைக்குப் போட்டுவிட்டார்கள். வில்லை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. விளிம்பு நசுங்கிய அந்தத் தட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. மில்லின் பக்கத்திலேயே வாழ்ந்ததாலோ என்னவோ, இரண்டு வருஷமாக என் காதும் மந்தம். அதற்காக நான் வருந்துவதில்லை. இதோ, இந்த வரியை எழுதும்போதே நோட்டின்மேல் வட்டமாக ஒரு வெளிச்சம் வந்து விழுகிறது. மகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.