எங்கள் கிணறு வாங்கிய நல்ல பெயர்

மூன்று வருடங்கள் இருக்கும். மாசி மாதம், குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சீசன் சூடுபிடித்திருந்த நேரம். எங்கள் ஊர் ராசிபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான். அப்போது நான் எங்கள் தெருவுக்கு வார்டு மெம்பர். மெம்பர் என்றால் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. தெரு விளக்கு எரியவில்லை என்றால் திட்டு வாங்குகிற வேலை. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருக்கத்தான் செய்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பொதுக்கிணறு. கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் கழிவுநீர் பக்கத்து ஓடையில் இறங்கி இறங்கி, கிணற்றுத் தண்ணீர் புளித்த மாவு போல நாறும். பாத்திரம் கழுவக்கூட ஆகாது. நாங்கள் சிலர் கேன் தண்ணீர் வாங்கிச் சமாளித்தோம். எதிர் வீட்டுக்காரிக்கு அது கட்டுப்படியாகாது. எனக்குத் தங்கச்சி முறை அவள். மெயின் ரோட்டைத் தாண்டிப் போய், கோயில் குழாயில் பிடித்து, குடத்தை இடுப்பில் வைத்துத்தான் கொண்டுவருவாள். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவள்; கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காவிரிக் குடிநீர்க் குழாயை எங்கள் தெருவரைக்கும் நீட்டிக் கொடுங்கள் என்று கிராம சபையில் நான் தொண்டை கிழியக் கத்தியது முக்கியமாக அவளுக்காகத்தான்.

ஒருநாள் யூனியன் ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. மாவட்டத்தின் மண்ணும் தண்ணீரும் காற்றும் எப்படி இருக்கின்றன என்று வருடா வருடம் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை போகுமாம். அதற்காக எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். மோசம் என்று எழுதிவிட்டால் குழாய் நிச்சயம். விஷயம் கேட்டதும் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி நான் ரோட்டத் தாண்ட வேண்டாமில்லீங்கக்கா?" என்றாள்.

அப்புறம் நாங்கள் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆபீஸர் வருகிறார் என்றால் எங்கள் ஊர் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. தெருவைக் கூட்டினோம், சாணி தெளித்தோம், கோலம் போட்டோம். "இந்த நாத்தத்துல வந்தவங்கள எப்படீங்க நிக்க வெக்கறது?" என்று யாரோ கேட்க, உடனே மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்தோம். தூர் வாரினோம். பிளீச்சிங் பவுடர் போட்டோம். இறைத்து முடித்ததும் அடியில் சேறு தெரிந்தது, பார்க்க அசிங்கமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டுகிறவர். "ரெண்டு லோடு ஊத்தி உடுங்க, பாக்கறதுக்கு லட்சணமா இருக்கும்" என்று அவரிடம் சொன்னது நான்தான். அவரும் ஊற்றிவிட்டார். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது தெரு. வருகிறவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்பது மட்டும் எங்களில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

ஒரு மேடமும் கூட ஒருத்தரும் வந்தார்கள். கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள். அந்த மேடம் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "எப்பவுமே இப்படித்தான் இருக்குமாங்க?" என்று கேட்டார்.

கேள்வி என் காதில் பாராட்டாக விழுந்தது. "நாங்க எப்பவும் சுத்தபத்தமா வெச்சிருப்போமுங்க மேடம்" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

எதிர் வீட்டுத் தங்கச்சி மட்டும் அங்கே இருந்திருந்தால் உண்மையைப் போட்டு உடைத்திருப்பாள். வந்தவர்களுக்குக் காபி தன் வீட்டில்தான் என்று அடம்பிடித்து, அதற்குத் தண்ணீர் எடுக்க அவள் ரோட்டைத் தாண்டிப் போயிருந்தாள்.

சில மாதம் கழித்து, குழாய் என்ன ஆயிற்று என்று கேட்க யூனியன் ஆபீஸுக்குப் போனேன். "உங்க தெருக் கெணத்துத் தண்ணி நல்லா இருக்குன்னு அறிக்கையிலயே வந்திருக்கேம்மா. மோசமா இருக்கற ஊருக்குத்தான் இந்தத் தடவ லைன்" என்றார் அங்கே இருந்த அலுவலர். தட்டுத்தடுமாறி லாரித் தண்ணீர் கதையைச் சொன்னேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மேல போனது போனதுதாம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருடம் அவர்கள் வேறு ஊர்க் கிணற்றுக்குப் போனார்கள். அதற்கடுத்த வருடமும் எங்கள் பக்கம் யாரும் வரவில்லை.

யூனியன் ஆபீஸிலிருந்து திரும்பிய அன்றைக்கே எதிர் வீட்டுத் தங்கச்சியின் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வார்த்தை நறுக்கென்று திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "உடுங்கக்கா, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? நானுந்தான கூடச் சேந்து கோலம் போட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகிறவளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, வீட்டுக்குள் வந்து அழுதேன்.

வைத்தியரிடம் போய் வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கிறவர்களைப் பைத்தியம் என்போம். ஊரே கூடி நாங்கள் செய்தது அதைத்தான். இப்போது நான் மெம்பர் இல்லை. மனு எழுதுவதை மட்டும் விடவில்லை. ஆனால் அந்த வருட அறிக்கையில் எங்கள் தெருவுக்குக் கிடைத்த நல்ல பெயரை, இன்றைக்கும் இடுப்பில் சுமந்துகொண்டிருப்பவள் அவள்தான்.