சனிக்கிழமைக்கு ஒரு பொய்

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆந்திர எல்லையோர நகரியில், நெசவுக்காரர் தெருவில், மாமியாரோடு ஒரே கூரைக்குக் கீழே பதினாறு வருஷமாகக் குடித்தனம் செய்துகொண்டு அதை வாய்விட்டுச் சொல்வதுதான் ஆகாத காரியம். திருப்பதியிலிருந்து திரும்புகிற பஸ் ஒவ்வொன்றிலும் நாலு மொட்டையாவது தெரிகிற ஊர் எங்களுடையது.

கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கிட்ட சொன்னதோட வுட்டுடு. நமக்கு நூல் குடுக்கிறவருதான் வருசா வருசம் மலைக்கு நடந்து போற கூட்டத்துக்குத் தலைவரு. அவரு காதுல வுழுந்துச்சுன்னா நம்ம தறி நாலும் நின்னுடும்" என்றார். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

வாயை மூடலாம், காலை என்ன செய்வது? புரட்டாசி பிறந்தால் சனிக்கிழமைதோறும் நாராயணவனம் பெருமாள் கோயில், அதில் ஒரு சனிக்கிழமை திருமலை. முதல் வருஷம் போனேன். வரிசைக் கூண்டுக்குள் மணிக்கணக்காக அடைபட்டுக் கிடந்தோம். சுற்றிலும் எல்லாரும் கோவிந்தா போட, சும்மா இருந்த வாய் என்னுடையது ஒன்றுதான். பக்கத்தில் நின்ற பெண்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நானும் போட்டேன். என் குரலைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த புரட்டாசியில் வேன் வந்து வாசலில் நின்றபோது, "அத்தே, நான் தூரம்" என்று சொல்லிவிட்டேன். மாதவிலக்கானவள் கோயில் படி ஏறக்கூடாது அல்லவா? ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வேன் போய்விட்டது. பகல் முழுக்க வீடு என்னுடையது. ரயிலடிப் பக்கம் போய் முட்டை வாங்கி வந்து, புரட்டாசி சனிக்கிழமையில் ஆம்லெட் போட்டுத் தின்றேன். அப்படி ஒரு ருசி!

பொய் சொன்னால் போதாது, அதற்கு வேஷமும் போட வேண்டும். மாமியார் திரும்பி வரும்போது நான் தறி ஓடுகிற இடத்துக்குப் பின்னால், நூல் அடுக்குகிற சின்ன அறையில், தனித் தட்டும் தனி டம்ளருமாக உட்கார்ந்திருந்தேன். அவர் அசந்துபோனார். அந்த வீட்டில் அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. "நாங்கள்லாம் தூரமானாலும் தறியில ஒக்காந்துக்கினுதான் இருப்போம், எவ பாத்தா? இந்தக் காலத்துல இவ்ளோ ஆச்சாரமா ஒரு பொண்ணு!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அதன்பிறகு நாளைப் பார்த்துப் பார்த்து வாழ வேண்டியதாயிற்று. மாமியாருக்கு நாள் கணக்கு மறக்காது. ஆகவே வராத நாளில் வந்ததாகவும், நிஜமாக வந்த நாளில் வராததாகவும் நடித்தேன். வயிற்றுவலியை விழுங்கிக்கொண்டு எத்தனையோ முறை விளக்கேற்றியிருக்கிறேன். விளக்கு அதுபாட்டுக்கு எரிந்தது. உள்ளுக்குள் சிரிப்பாக வரும். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

போன புரட்டாசியில், என் மகள் பெரியவளாகிச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு, முதல் தடவையாகத் தூரமானாள். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவளை நூல் அறைக்கு அனுப்பிப் பாய் போட்டுக் கொடுத்திருந்தார் மாமியார். நாலு தறியும் ஓடும்போது அந்த அறையின் சுவரே அதிரும்.

"அத்தே, நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. இந்தச் சத்தத்துல எப்படிப் படிப்பா? உள்ள வரட்டும்."

"நீ இத்தினி வருசமா அங்க ஒக்காரலியா? நான் சொல்லியா ஒக்காந்தே? இந்த வூட்டுக்கு அந்த ஆச்சாரத்த திருப்பிக் கொண்டாந்ததே நீதானம்மே."

குத்திக்காட்டவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். தறியில் உட்கார்ந்த பெண்கள் தாங்களாகவே தொலைத்துத் தலைமுழுகிய ஒரு வழக்கம். நான் ஒரு நாள் நிம்மதிக்காக அதைத் தேடிப் பிடித்து, என் மகள் தலையில் கட்டியிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். "எனக்குச் சாமி நம்பிக்கையே இல்ல அத்தே. எப்பவுமே இல்ல. மலைக்கு வராம இருக்கத்தான் தூரம்னு சொன்னேன். எல்லாம் பொய்."

வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "இப்புடு வத்து" என்றார் என்னிடம், இப்போது வேண்டாம் என்று. பயம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும்.

மாமியார் அவரிடம் திரும்பினார். "ஏண்டா, இவ சொல்றது நெசமா?"

பதினாறு வருஷமாக உண்மை தெரிந்த ஒரே ஆள். என்னைப் பார்த்தார், ஓடாத தறியைப் பார்த்தார். "கொழந்தைய உள்ள வுடணும்னு சொல்றாம்மா. இவளாவது, சாமி இல்லேன்னு சொல்றதாவது."

மாமியார் முகம் தெளிந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெத்தவ இல்ல? பொண்ணுக்காக இன்னா வேணா சொல்லுவா. பெருமாளே, இவ வாயில வந்தத மனசுல வச்சிக்காதப்பா" என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். என்னைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வருவதாக வேண்டுதல். சாமி இல்லை என்று நான் சொன்னதற்குச் சாமியிடம் எனக்காக மன்னிப்புக் கேட்கிற வீட்டில் இனி எந்தப் பக்கம் போய் முட்டிக்கொள்வது?

நேராக நூல் அறைக்குப் போய் மகளின் கையைப் பிடித்தேன். "எழுந்து வா. உள்ள ஒக்காந்து படி."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். நாங்கள் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறாள். கண் கலங்கியிருந்தது, என் மேல் உள்ள பாசத்தில்.

"எனக்காகப் போயி இப்படிப் பொய் சொல்லாதம்மா. நீ எவ்ளோ சுத்தமா இருந்தேன்னு நான் சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினுதானே இருக்கேன்? நீ ஒக்காந்த மாதிரியே நானும் ஒக்காந்துக்கறேன்."

தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் புத்தகத்தை மடியில் விரித்து, இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.