பின்பக்கத்து இரண்டாவது பாட்டு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, பதில் வரவேண்டிய இடத்தில் ஒரு இசைத்தட்டு வந்தது.

கொண்டுவந்தவர் மாப்பிள்ளையின் அக்கா. ஐயம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்ததை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். டிபன் தட்டு அளவுதான் இருந்தது. அட்டை உறையில் நான்கு வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். நான்கு பேருக்கும் என்னைவிடச் செழிப்பான முடி.

“தம்பி குடுத்தனுப்பிச்சுதுமா. ரெண்டு பக்கமும் கேட்டுட்டு எது புடிச்சிருக்குது, எது புடிக்கலன்னு உன்னச் சொல்லச் சொல்லிச்சு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழம வந்து கேட்டுக்கினு போறேன்.”

அவர் போனதும் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை மெட்ராஸில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தார். நல்ல இடம். என்னைப் பார்க்க வந்தபோது தலை குனிந்தே இருந்தார், நானும் குனிந்தே இருந்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய கால் விரல்கள்தான். அந்த மனிதர் திடீரென்று என்னிடம் இங்கிலீஷ் பாட்டைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார். பிடித்திருக்கிறது என்று சொன்னால் ஆட்டம்பாட்டத்தில் ஆசை உள்ள பெண் என்று ஒதுக்குவாரா? பிடிக்கவில்லை என்று சொன்னால் பட்டிக்காடு என்று ஒதுக்குவாரா? எந்தப் பதிலுக்கு என்ன மார்க் என்று தெரியாத பரீட்சை. எனக்கு எரிச்சலாக வந்தது. பயமாகவும் இருந்தது, ஏனென்றால் அதற்கு முந்தின வருடம்தான் ஒரு சம்பந்தம் பேசி முறிந்திருந்தது. அதற்கு அப்பா தெருவில் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போயிருந்தார்.

அதனால் அப்பா ஒரு முடிவெடுத்தார். விஷயம் வெளியே கசியக் கூடாது. பாட்டுப்பெட்டி வைத்திருந்த பட்டு வியாபாரி வீட்டில் போய்க் கேட்டால் எதற்கு, ஏன் என்று துருவுவார்கள். மைக் செட் வைத்திருந்தவர் அப்பாவின் பால்ய சிநேகிதர். அவரிடம் ரெக்கார்டு பிளேயர் இருந்தது, வாயும் கொஞ்சம் கட்டுப்பாடானது. அவரை வீட்டுக்கே வரச் சொன்னார்.

அவர் சைக்கிளில் பெட்டியோடு வந்தார். கூடவே கூம்பு ஸ்பீக்கரும் வந்தது.

“கூம்பு எதுக்குப்பா? மெதுவா கேட்டாப் போதும்” என்றார் அப்பா.

“கூம்பு இல்லாம எதுல கேப்ப? பெட்டிக்குள்ள காதை வெச்சிக்கினா? என் செட்டுல சத்தம் இது வழியாத்தான் வரும்.”

வீட்டுக்குள் வைத்தால் ஓடு பறந்துவிடும் என்று சொல்லி, கூம்பைக் கூரைமேல் தெருவைப் பார்த்துக் கட்டினார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிள்ளையார் பாட்டு முழங்க ஆரம்பித்துவிட்டது. அதைப் போடாமல் எதையும் போட மாட்டாராம். தொழில் சுத்தம்.

எங்கள் தெருவில் கூம்பு கட்டிப் பிள்ளையார் பாட்டுப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

“ஏமி விசேஷம்மா? பொண்ணுக்கு நிச்சயமா? ஒரு வார்த்த சொல்லலியே!”

அம்மா இல்லை என்று தலையாட்டுவதற்குள் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தார்கள்.

முன்பக்கத்தில் ஒரே பாட்டு. அதைப் பாட்டு என்று உறையைப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருந்தது. தகரத்தை உருட்டுவது போல மேளம், நடுவில் ஒருவன் யாரையோ அதட்டினான். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கியவள் நான்தான்.

“இன்னாம்மா சொல்றான்?” என்று கேட்டார் அப்பா.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. நான் படித்த இங்கிலீஷில் மழை பெய்தது, விவசாயி உழுதான். இதில் யார் என்ன செய்தார்கள் என்றே தெரியவில்லை. “சந்தோஷமா இருக்கறதா சொல்றாங்கப்பா” என்று புளுகினேன்.

“சந்தோஷத்துக்கா இந்தக் கத்து கத்தறான்?” என்றார் அம்மா.

மைக் செட்காரர் தட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் இரண்டு பாட்டுகள். அப்பாவுக்கு உடனே அந்தப் பக்கத்தின்மேல் மரியாதை வந்துவிட்டது. சேலையைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறவர் அவர். “இதுதான் சரக்கு. முன்னாடி இருக்கறது சும்மா கடையில தொங்கவுடறது” என்றார். ஆனால் பின்பக்கத்து முதல் பாட்டில் ஒருவன் மூக்கைச் சிந்தாத குறையாக அழுதான். எதிர்வீட்டம்மா மட்டும் “பாகுந்தி, பாகுந்தி” என்று கண்ணை மூடி ரசித்துத் தலையாட்டினார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. நல்ல காரியம் பேசுகிற வீட்டில் இப்படியா ஒருவன் அழ வேண்டும்? எனக்கும் அந்தப் பாட்டு அறவே பிடிக்கவில்லை. இழுத்து இழுத்து, ஊரைக் கூட்டி அழுகிற அழுகை.

அப்புறம் இரண்டாவது பாட்டு வந்தது. அதில் வார்த்தை குறைவு. ஒரு வாத்தியம் மட்டும் தனியாக ஏதோ யோசித்துக்கொண்டே போனது. பாடுகிறவன் பாதியில் பாடுவதை விட்டுவிட்டு முணுமுணுத்தான். கூட்டம் சலித்துப்போய்க் கலைய ஆரம்பித்தது. எனக்கு ஏன் என்று தெரியவில்லை, அது முடிந்துவிடக் கூடாது என்று இருந்தது. அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

“ஊசிய நடுவுல வெக்க மாட்டேம்மா. கீறிடும். வேணும்னா முதல்லேர்ந்து போடறேன்.”

“அந்த அழுகை திரும்பியும் வேணாம்” என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாளே எதிர்வீட்டிலிருந்து பூவும் பழமும் வந்தன. கடைத்தெருவில் அப்பாவை நிறுத்தி, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று விசாரித்தார்கள். இல்லை என்று சொன்னால் அப்போது எதற்குக் கூம்பு கட்டினாய் என்று கேட்பார்கள். அப்பா சிரித்து மழுப்பிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். இந்த இடமும் தவறினால் இனி தெருவில் தலைகாட்ட முடியாது. அது தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் எனக்குக் குழப்பம்தான். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறதா, அந்தப் பாட்டைப் பிடித்திருக்கிறதா என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த அக்காவின் முகம் சரியில்லை.

“இன்னாமா, நிச்சயமே ஆயிடுச்சாமே? பஸ்ஸுல சொல்றாங்க. எங்களுக்கே தெரியாம எப்ப ஆச்சி?”

அப்பா திண்டாடினார். அம்மா உறுதியாக “எல்லாப் பாட்டும் நல்லா இருக்குதுன்னு சொல்லுடி” என்று சமையலறைக்குள் இழுத்துவைத்து என் காதில் ஓதியிருந்தார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு வாரமாக அடக்கிய ஆத்திரம் முந்திக்கொண்டது. முன்பக்கம் வெறும் சத்தம், பின்பக்கத்தில் முதல் பாட்டு ஒப்பாரி, இரண்டாவது ஒன்றுதான் பாட்டு, அதை மட்டும் திரும்பக் கேட்க ஆசை என்று கொட்டிவிட்டேன். அக்கா பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினார்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையே வந்து நின்றார். என்னிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். பாவு நீட்டியிருந்த தறிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

“நான் சொன்னது சரியா, தப்பா?” என்று நானே கேட்டேன்.

“எனக்குத் தெரியாதுங்க. நான் அந்தப் பாட்ட இன்னும் கேக்கவே இல்ல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆபீஸில் மத்தியானம் எல்லோரும் அந்தத் தட்டைப் பற்றியே பேசுகிறார்களாம். முன்பக்கம்தான் உசத்தி என்று எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயமாம். ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்ததால் இவரும் ஒன்று வாங்கிவிட்டார். போட்டுக் கேட்கத்தான் பெட்டி இல்லை.

“அப்ப எனக்கு ஏன் குடுத்தனுப்பிச்சீங்க?”

“பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க ஒரு வார்த்த பேசல. நானும் பேசல. உங்க வாயால எதையாவது கேக்கணும்னு இருந்திச்சு.”

இதற்காகவா இரண்டு வாரம் செத்துப் பிழைத்தோம்? தறியில் கிடந்த நாடாக்கட்டையை எடுத்து எறியலாமா என்று வந்தது. அவர் மேலே சொன்னார். “நீங்க சொன்னத அப்படியே ஆபீஸ்ல என் அபிப்பிராயமா சொல்லிட்டேன். பின்பக்கத்து ரெண்டாவதுதான் பாட்டுன்னு.”

“அவங்க?”

“சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க.”

“நீங்க?”

“நான் மாத்திச் சொல்லல.”

கேட்காத பாட்டுக்காக ஒரு ஆபீஸையே எதிர்த்து நின்ற மனிதரை என்னவென்று எடுத்துக்கொள்வது? அசடா, நல்லவரா? இன்றுவரை எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. ஆனால் அவர் போன பிறகு அப்பா என்னைக் கேட்டபோது சரி என்று சொன்னேன். தெருவுக்குப் பயந்து சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு மைக் செட் அதே சிநேகிதர். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. நாங்கள் மாலையோடு மணவறையில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை கொடுத்த தட்டாயிற்றே என்று மைக் செட்காரர் அதை அப்பாவிடம் முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்தார். பிள்ளையார் பாட்டு முடிந்ததும், பின்பக்கத்தைத் திருப்பி வழக்கம்போல ஊசியை ஓரத்தில் வைத்தார். வெள்ளைக்காரன் அழ ஆரம்பித்தான்.

அருகில் இருந்தவர் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் மலர, மாலை நசுங்க என் பக்கம் சாய்ந்தார்.

“இதுதானே? அருமையா இருக்குது. நீ சொன்னது சரிதான்.”

ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மேடைக்குக் கீழே சொந்தக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது இல்லீங்க. இது ஒப்பாரின்னு சொன்னனே, அது.”

அவர் முகம் குழம்பியது. மறுபடியும் காது கொடுத்துக் கேட்டார். “அப்படியா? எனக்கு இது புடிச்சிருக்குதே.”

அதற்குள் அம்மா பந்தியிலிருந்து குழம்பு வாளியோடு ஓடினார். “யாருப்பா அது, கல்யாணத்துல எழவுப் பாட்டு போடறது!” ஊசியை எடுத்துவிட்டார்கள். என் பாட்டு வரவே இல்லை.

“அடுத்ததக் கேட்டாத்தான் தெரியும்” என்றேன் நான்.

“கேட்டாலும் இதுதான் உசத்தின்னு தோணுது” என்றார் அவர்.

ஆபீஸில் மாற்றிச் சொல்லாதவர் என்னிடமும் மாற்றிச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. புதுப்பெண் பல்லைக் காட்டுகிறாள் என்று யாரோ கீழேயிருந்து அதட்டினார்கள். நான் அவர் பக்கம் திரும்பி, அந்த அழுகையில் அப்படி என்ன இருக்கிறது என்று சண்டைக்குத் தயாரானேன்.